புயலுக்கு முன்பே தெரியும் சேதம்

(மரக்காணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புயல் என்றால் என்ன என்று மரக்காணத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் வானத்தையும் கடலையும் பார்த்தே கணக்குப் போடுகிற ஊர் இது. அதனால் இன்று புயலைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். புயல் வந்தால் எந்த வீடு நிற்கும், எந்த வீட்டின் கூரை போகும், எந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்றால், அந்தச் சேதத்தை எப்படிக் குறைப்பது? ஒரு கட்டடப் பொறியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்தக் கரையில் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அடித்த மூன்று புயல்களை எடுத்துக்கொள்வோம். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. குடிசைகள் கூட்டம் கூட்டமாகப் போயின. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கடந்தது. காற்று 120, வீச்சு 145 வரை. அடுத்தது 2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல். காற்று வெறும் 70 முதல் 80 கிலோமீட்டர்தான். நிவருடன் ஒப்பிட்டால் மெலிந்த புயல். ஆனால் கரையேறிய பிறகு நகராமல் புதுச்சேரிப் பக்கமே நின்று கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. இந்த விழுப்புரம் மாவட்டத்தின் ஓராண்டு மழையில் ஏறக்குறையப் பாதி. உப்பளம் எது, கழுவெளிச் சதுப்புநிலம் எது என்று அடையாளம் தெரியாமல் நீர் பரவியது.

காற்றின் வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றில் இளைத்தது ஃபெஞ்சல். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படிச் சொல்லமாட்டார்கள். வேகத்தை வைத்துச் சேதத்தைக் கணிப்பது பாதிக் கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நம் நாடு ஒரு விஷயத்தில் பெரிய வெற்றி பெற்றிருக்கிறது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2019 மே மாதம் அதே ஒடிசாவை ஃபானி தாக்கியபோது, முன்கூட்டியே ஏறத்தாழ 12 லட்சம் பேரை பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துப் போனார்கள். உயிரிழப்பு 64-இல் நின்றது. வானிலைத் துறைக்கும் ஒடிசா அரசுக்கும் இதற்காகக் கைதட்டலாம். ஆனால் அதே ஃபானியில் பல லட்சம் வீடுகள் சேதமடைந்தன. மனிதரை எழுப்பி அழைத்துப் போகலாம். வீட்டை அழைத்துப் போக முடியாது. உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டோம். திரும்பி வரும்போது வீடு இருக்குமா என்பதில் இன்னும் பெரிதாக முன்னேறவில்லை.

சேதத்தை முன்கூட்டிக் கணிக்க மூன்று விவரங்கள் தேவை. என்ன வரப்போகிறது? அது யார் மேல், எதன் மேல் வரப்போகிறது? அந்த இடத்தில் இருப்பது எவ்வளவு தாங்கும்? முதல் கேள்விக்கு வானிலைத் துறை பதில் சொல்கிறது. புயல் கரையேறுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் சொல்லும் பாதையில் சராசரிப் பிழை இன்று 100 கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டது. இது பெரிய சாதனை. இருந்தாலும் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி 35 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிழைக்குள் கல்பாக்கமும் அடங்கும், கடலூரும் அடங்கும். ஃபெஞ்சல் புயலாக மாறுமா, மாறாதா என்பதே கடைசி இரண்டு நாட்கள் வரை ஊசலாடிக்கொண்டிருந்தது.

மற்ற இரண்டு கேள்விகளும் அப்படிப்பட்டவையல்ல. உங்கள் வீட்டுக் கூரையை எது பிடித்திருக்கிறது, தூணுக்குள் கம்பி எந்த நிலையில் இருக்கிறது, தரை எவ்வளவு உயரம் என்பவை சித்திரையிலும் தெரியும், ஆடியிலும் தெரியும். அதைப் பார்க்கச் செயற்கைக்கோள் வேண்டாம். புயலை அறிய மூன்று நாள்தான் அவகாசம். வீட்டின் பலவீனத்தை அறிய ஆண்டு முழுவதும் அவகாசம். சேத முன்னறிவிப்பின் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. இன்றைய பேச்சில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

இதை அரசு யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் கட்டுமானப் பொருள், தொழில்நுட்ப மேம்பாட்டுக் கவுன்சில் 1997-இல் இந்தியா முழுமைக்கும் பாதிப்பு அட்லஸ் ஒன்றை வெளியிட்டது. 2006-இலும் 2019-இலும் அது புதுப்பிக்கப்பட்டது. சுவர் என்ன பொருள், கூரை என்ன பொருள் என்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரத்தை வைத்து, காற்று, வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் எந்த வகை வீட்டுக்கு எவ்வளவு ஆபத்து என்று மாவட்டவாரியாக அட்டவணை போட்டிருக்கிறார்கள். புயல் பகுதி வீடுகளை வகைப்படுத்திச் சேதத்தை மதிப்பிடுவதற்கென்றே இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 15499 என்ற வழிகாட்டி 2004-இல் வந்தது. ஆனால் அட்லஸ் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியும் இருக்கிறது, எக்கியார்குப்பமும் இருக்கிறது. செஞ்சி மலையடிவாரத்து வீட்டுக்கும் அலையடிக்கும் தூரத்தில் உள்ள வீட்டுக்கும் ஒரே அட்டவணை எப்படிப் போதும்?

இனி வீடுகளுக்கு வருவோம். முதலில் காற்று.

காற்று கூரையைத் தள்ளுகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. வேகமாக ஓடும் காற்று கூரையின் மேல் ஏறிப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் காற்றடிக்கும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ பெயர்ந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். கூரை பறப்பது இப்படித்தான்.

எவ்வளவு விசை? வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 75 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 26 கிலோ. 120-இல் 68 கிலோ. 145-இல் ஏறக்குறைய 100 கிலோ. நம் கரைக்கு இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 875 விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதில் 150 கிலோ. கூரையின் சாய்வையும் வடிவையும் பொறுத்து இது கூடும், குறையும். ஓரங்களிலும் மூலைகளிலும் எப்போதும் கூடும்.

இருபது அடிக்குப் பத்து அடி தகரக் கூரை என்றால் 18.5 சதுர மீட்டர் பரப்பு. நிவர் வீச்சில் அதன் மேல் சுமார் 1,800 கிலோ இழுப்பு. அந்தத் தகரத்தின் மொத்த எடை 100 கிலோதான் வரும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் 300 கிலோ தேறலாம். மேலே பத்துச் செங்கல்லும் நாலு மணல் மூட்டையும் வைப்பதால் இந்தக் கணக்கு நேராகாது. பறக்கும்போது செங்கல்லும் சேர்ந்து பறந்து அடுத்த வீட்டுக்காரர் தலையில் விழும். கூரையைக் காப்பது எடையல்ல, பிடிப்பு. ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட், சட்டத்தைச் சுவரோடு பிடிக்கும் கம்பி, சுவரை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் கட்டு என்று மேலிருந்து கீழ்வரை ஒரு சங்கிலி இருக்க வேண்டும். எந்தக் கண்ணி பலவீனமோ, வீடு அங்கே அறும்.

இதற்கான வழிமுறைகளைத் தாழ்வான வீடுகளுக்கென்றே ஐ.எஸ். 15498 சொல்கிறது. கூரைச் சாய்வு 22 முதல் 30 பாகைக்குள் இருக்கட்டும். இரண்டு பக்கம் மட்டும் சரியும் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை காற்றை நன்றாகத் தாங்கும். வெளியே நீட்டும் தாழ்வாரத்தைக் குறையுங்கள்; திண்ணைக் கூரையை வீட்டுக் கூரையோடு ஒட்டாமல் தனியாகப் போடுங்கள், போனால் அது மட்டும் போகட்டும். ஓரத்தில் போல்ட்டுகளை நெருக்கமாக அடியுங்கள். சவுக்குக் கழியும் பனஞ்சட்டமும் போட்டுக் கீற்று வேய்ந்த வீடு என்றால், பழைய வலையைக் கூரை மேல் விரித்து, கயிற்றால் இழுத்துத் தரையில் ஆழமாக அடித்த முளையில் கட்டுங்கள். மீனவர் குப்பத்தில் பழைய வலைக்கா பஞ்சம்?

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்ற புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை அடித்தது. பணக்கார நாட்டின் வீடுகள் ஆயிரக்கணக்கில் கூரை இழந்தன. ஆராய்ந்தபோது, விதி இருந்தும் கூரைப் பலகைகளைச் சரியாக ஆணியடிக்காத வீடுகள் ஏராளமாக அகப்பட்டன. அதன் பிறகு 2002-இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி வந்தது, மேற்பார்வையும் கடுமையானது. ஆணி எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதே ஃபுளோரிடா கற்ற பாடம்.

அடுத்தது உப்பு. மரக்காணத்தில் இதைப் பற்றிப் பேசாமல் கட்டடத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

குடிசையை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்டிவிட்டால் புயலிலிருந்து தப்பித்தோம் என்று எண்ணுகிறோம். கட்டிய அன்றைக்கு அது உண்மை. இருபது ஆண்டு கழித்து? கடலோரத் தொகுப்பு வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட் பொரிந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பாகத் தெரியும். சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டிய வீடுகள் பலவற்றிலும் இதே நிலை. கட்டில் போட்டிருக்கும் இடத்துக்கு மேலே காரை எப்போது விழும் என்று தெரியாமல் குடும்பம் தூங்குகிறது.

காரணம் உப்பளத்தில் உழைக்கும் உங்களுக்கு நன்றாகவே புரியும். உப்புப் பாத்தியில் நடப்பதுதான் சுவருக்குள்ளும் நடக்கிறது. பாத்தியில் உவர்நீர் நிற்கிறது, வெயில் நீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு மிஞ்சுகிறது. சுவரும் தரையிலிருந்து உவர்நீரை உறிஞ்சுகிறது, நீர் ஆவியாகிறது, உப்பு செங்கல்லின் நுண்துளைகளில் படிகமாகிறது. அந்தப் படிகம் வளர இடம் கேட்டுச் செங்கல்லைப் பொரித்து எடுக்கிறது. கான்கிரீட்டில் வேறு விதம். காற்றில் வரும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக் கம்பியை எட்டுகிறது. சிமெண்டின் காரத்தன்மை கம்பிக்குப் போர்த்தியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு உடைக்கிறது. துரு, இரும்பைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெம்புகிறது, கான்கிரீட் கம்பியின் நெடுகே வெடிக்கிறது. வெடித்த வழியே இன்னும் உப்பு, இன்னும் ஈரம்.

இதைத் தடுக்க முடியாதா? முடியும், எப்படி என்று கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 எழுதியே வைத்திருக்கிறது. சாதாரண உள்நாட்டு இடத்தில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடினால் போதும். கடலோரக் காற்று படும் இடத்தில் 45 மில்லிமீட்டர். கடல்நீர்த் திவலை படும் இடத்தில் 50. கலவையின் வலிமைத் தரம், உள்நாட்டில் எம்-20 போதும் என்றால் கடலோரத்தில் எம்-30. கவர் எனப்படும் இந்த மூடல் இரண்டு மடங்கானால் உப்பு கம்பியை எட்டும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். பத்தாண்டில் துருப்பிடிக்க வேண்டிய கம்பி நாற்பது ஆண்டு தாக்குப்பிடிக்கும். இதற்கு ஆகும் செலவு? கம்பிக்கு அடியில் வைக்கும் சரியான உயரமுள்ள கவர் பிளாக், கொஞ்சம் கூடுதல் சிமெண்ட், கலவையில் தண்ணீரைக் குறைக்கும் கட்டுப்பாடு. ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்தும் பழக்கத்தை மேஸ்திரிகள் விட வேண்டும்.

தண்ணீர் அதைவிட முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. நாக்கில் கரித்தாலே அந்தத் தண்ணீரைச் சோதிக்காமல் தொடாதீர்கள். கலவைக்கு நல்ல தண்ணீர் பிடித்துவிட்டு, கான்கிரீட்டை நனைத்து இறுகவைக்கும் க்யூரிங்குக்குப் பக்கத்து உவர்க் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றும் வீடுகள் உண்டு. வீட்டுக்கு நாமே உப்பு ஊட்டி வளர்ப்பதாகும் அது.

இந்த வீடுகளுக்குப் புயல் அன்று நேரும் சேதம், உண்மையில் பத்து இருபது ஆண்டுகளாக நடந்துவந்த சேதம். புயல் கடைசிக் கையெழுத்தை மட்டும் போடுகிறது. ஆகவேதான் அதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

மூன்றாவது, நீர். திண்டிவனம், மயிலம், வானூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கழுவெளிக்கு வருகிறது. கழுவெளி நிறைந்து எடையந்திட்டு முகத்துவாரம் வழியே கடலுக்குப் போக வேண்டும். நடுவே உங்கள் உப்பளங்கள். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்து நிற்பதால் முகத்துவாரம் வெள்ளத்தை உடனே வாங்காது. மேலிருந்து வருவதும் நிற்காது. நீர் பக்கவாட்டில் பரவும். மரக்காணத்தில் மழை விட்ட பிறகும் மேற்கே பெய்த மழை வந்துகொண்டே இருக்கும் என்பதை ஃபெஞ்சல் காட்டியது. நின்ற நீரில் மண்சுவர் கரையும். மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவரின் அடிப்பகுதி இளகும். மணற்பாங்கான இடத்தில் அஸ்திவார மூலை அரிக்கப்படும். பரிகாரம் எளியது: ஃபெஞ்சல் வெள்ளம் எட்டிய உயரத்தைத் தெருவுக்குத் தெரு பெயிண்டால் குறித்து வையுங்கள். இனிக் கட்டும் எந்த வீட்டின் தரைமட்டமும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். தரைமட்டத்தில் ஈரத்தடுப்புப் படலம் போட்டால் உப்பும் ஏறாது.

நிலநடுக்கத்தை ஒரு வார்த்தையில் முடிக்கிறேன். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் ஒரு நடுக்கம் ஏற்பட்டுச் சென்னை வரை உணரப்பட்டது. இங்கே அது அரிது. ஆனாலும் காற்றுக்காக லிண்டல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுற்றிப் போடும் கான்கிரீட் கட்டு நிலநடுக்கத்துக்கும் உதவும். ஒரே செலவில் இரண்டு காவல்.

இப்போது செயலுக்கு வருவோம். ஒவ்வொரு குப்பத்திலும் ஒவ்வொரு தெருவிலும் கோடைக்காலத்தில் வீட்டுக் கணக்கு ஒன்று எடுக்க வேண்டும். ஊராட்சி முன்நின்று, ஒரு பொறியாளர், ஒரு மேஸ்திரி, மகளிர் குழுவிலிருந்து இருவர், கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்தால் போதும். கேள்விகள் ஆறு. கூரை என்ன, அதைப் பிடித்திருப்பது என்ன? கம்பி வெளியே தெரிகிறதா, கம்பியின் நெடுகே வெடிப்பு ஓடுகிறதா? தரைமட்டம் ஃபெஞ்சல் கோட்டுக்கு மேலா, கீழா? கதவும் ஜன்னலும் இறுக மூடுமா? மேலே சாயக்கூடிய மரமோ கம்பமோ உண்டா? வீட்டில் தானாக நடந்து வெளியேற முடியாதவர் யாராவது இருக்கிறார்களா?

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பட்டியல் பிறக்கும். ஒன்று காற்றுப் பட்டியல், மற்றொன்று நீர்ப் பட்டியல். நிவர் போன்ற புயல் அறிவிக்கப்பட்டால் காற்றுப் பட்டியலில் உள்ளவர்களை முதலில் வெளியேற்றுங்கள். ஃபெஞ்சல் போல மழைப் புயல் என்றால் நீர்ப் பட்டியல். உப்பரித்த கான்கிரீட் வீடுகள் இரண்டு பட்டியலிலும் வரும். உலக வானிலை அமைப்பு 2015 முதல், வானிலை எப்படி இருக்கும் என்பதோடு நிற்காமல் அது என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள் என்று நாடுகளை வலியுறுத்துகிறது. நம் வானிலைத் துறையும் அந்த வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. எவ்வளவு காற்று என்று அவர்கள் சொல்வார்கள். எந்த வீடு என்பதை இந்த ஊர்தான் சொல்ல முடியும்.

முகாமாகும் பள்ளிக்கூடத்தையும் இதே ஆறு கேள்விகளால் சோதியுங்கள். புயலுக்குப் பின் தேவைப்படும் பள்ளி, மருத்துவமனை, புகலிடம் ஆகியவற்றை 1.3 மடங்கு காற்று வேகத்துக்கு வடிவமைக்க வேண்டும் என்பது 2015-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 875-இன் விதி. விசையில் அது ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதல். கம்பி தெரியும் பள்ளிக் கட்டடத்தை முகாம் பட்டியலிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள்.

பணம்? ஃபெஞ்சலுக்குப் பிறகு சேதமடைந்த குடிசைக்கு அரசு 10,000 ரூபாய் அறிவித்தது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கவும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மூன்றையும் வரவேற்கிறேன், மூன்றிலும் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறேன். கடலோர வீடு என்றால் 45 மில்லிமீட்டர் கவர், எம்-30 கலவை, நல்ல தண்ணீர். இதற்கான கூடுதல் தொகையைக் கடலோரப் படி என்று தனியாகக் கொடுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் கவரை அளந்து கையெழுத்திடாமல் அடுத்த தவணை விடக்கூடாது. பழுதுபார்ப்பதிலும், துருவைச் சுரண்டாமல் மேலே சிமெண்ட் பூசி மறைக்கும் வேலைக்குப் பணம் தரக்கூடாது. நிவாரணமாகப் பத்தாயிரம் கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, அதில் ஒரு பங்கை ஆவணியிலேயே போல்ட்டுக்கும் கம்பிக்கும் கொடுத்தால் பல கூரைகளுக்கு நிவாரணமே தேவைப்படாது.

உங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த வீட்டுக் கணக்கைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஆடிக்குள் எடுத்து முடியுங்கள். புரட்டாசிக்குள் கட்ட வேண்டியதைக் கட்டுங்கள். அடுத்த புயலுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அது எந்த வீட்டை எடுக்கும் என்பதை இந்த ஊர் புரட்டாசிக்குள் தெரிந்து வைத்திருக்க முடியும். தெரிந்த பிறகும் அந்த வீடு விழுந்தால் பழியை இயற்கையின் மேல் போட நமக்கு உரிமை இல்லை.